ஐயம் வேறு, அறுதியின்மை வேறு

அறிவியல் உண்மைகள் நாடக மேடை ஏறும்போது இரண்டு விபத்துகளில் ஒன்று நேர்வதுண்டு. ஒன்று, கலை பாடநூலாகச் சுருங்கிவிடும். மற்றொன்று, அறிவியல் வெறும் உவமையாகக் கரைந்துவிடும். ஆங்கில நாடகாசிரியர் மைக்கேல் ஃப்ரெய்ன் எழுதி, 1998-ஆம் ஆண்டு இலண்டன் தேசிய நாடக அரங்கில் அரங்கேறிய ‘கோப்பன்ஹேகன்’ முதல் விபத்திலிருந்து முற்றிலும் தப்பிய படைப்பு. இரண்டாவதிலிருந்தும் அது தப்பியதா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

நாடகத்தின் கரு வரலாற்றில் நடந்த ஒரு சந்திப்பு. 1941 செப்டம்பரில், ஜெர்மானியப் படைகளின் பிடியிலிருந்த டென்மார்க் தலைநகருக்கு இயற்பியலறிஞர் வெர்னர் ஹைசன்பர்க் வருகிறார். தம் ஆசானும் தந்தையனைய நண்பருமான நீல்ஸ் போஹ்ரைக் காண்கிறார். போஹ்ரின் தாய் யூத குலத்தவர். ஹைசன்பர்க்கோ ஹிட்லர் அரசின் அணு ஆய்வுத் திட்டத்தில் முதன்மையானவர்களுள் ஒருவர். ஒற்றர் செவிக்கு எட்டாதவாறு இருவரும் தனித்துப் பேசுகின்றனர். பேச்சு முறிகிறது, நட்பு பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. ஹைசன்பர்க் எதற்காக வந்தார்? அணுகுண்டு செய்யலாகாதென இரு தரப்பு அறிஞரும் உடன்பட வேண்டும் என்று கேட்கவா? எதிரணியின் முயற்சியை உளவறியவா? ஆசானிடம் பாவமன்னிப்புப் பெறுவது போல் ஒரு வார்த்தை பெறவா? விடை இன்றும் விவாதத்திற்குரியதே.

போஹ்ர், அவர் மனைவி மார்கரீத், ஹைசன்பர்க் ஆகிய மூவரையும் இறப்புக்குப் பின் ஒன்றுகூட்டி, அந்த ஒரே மாலைப்பொழுதை மீண்டும் மீண்டும் வாழச் செய்கிறார் ஆசிரியர். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய காரணம் முளைக்கிறது, முந்தையது மங்குகிறது. 1934-இல் படகிலிருந்து கடலில் விழுந்து இறந்த போஹ்ரின் மூத்த மகன் கிறிஸ்டியனின் நினைவு, இவ்வுரையாடலுக்கு அடியில் ஆறாத புண்ணாக ஓடிக்கொண்டிருக்கிறது. கணிதச் சமன்பாடுகளைப் பேசும் மாந்தர், தந்தையராகவும் மாணவராகவும் நம்முன் நிற்கின்றனர். மேதைகள் இருவரின் தற்பெருமையையும் ஊடறுத்து நோக்கும் மார்கரீத்தின் கூர்மை, நாடகத்தின் தலைசிறந்த சாதனை எனலாம்.

இவ்வளவையும் தாங்கி நிற்கும் தூண் ஓர் உவமை. 1927-இல் ஹைசன்பர்க் வெளியிட்ட கோட்பாட்டின்படி, ஒரு துகளின் இருப்பிடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக வரையறுத்தல் இயலாது. அவ்வாறே, ஒரு மனிதனின் நோக்கத்தையும் எவராலும், அவனாலேயேகூட, முற்றாக அறிய இயலாது என்கிறது நாடகம். கேட்டவுடன் மனத்தைக் கவரும் ஒப்புமை இது. ஆயினும் கவர்ச்சி வேறு, பொருத்தம் வேறு.

ஹைசன்பர்க் தம் கருத்தை விளக்கக் கற்பனையான நுண்ணோக்கி ஒன்றைப் படைத்தார். எலெக்ட்ரானைக் காண அதன்மீது ஒளி படவேண்டும். பட்ட ஒளி அதன் போக்கைக் கலைத்துவிடும். இதை மட்டும் கேட்பவர், ‘எலெக்ட்ரானுக்கு இரண்டும் திட்டமாக உள்ளன, நம் தொடுகைதான் அவற்றைக் கெடுக்கிறது’ என்றே எண்ணுவர். போஹ்ர் இதனை ஏற்கவில்லை. இருப்பிடம் என்னும் சொல்லுக்குப் பொருள் தரும் சோதனை அமைப்பு, உந்தம் என்னும் சொல்லுக்குப் பொருள் தரும் அமைப்பை விலக்கிவிடுகிறது. எனவே, இரண்டும் ஒருசேரத் திட்டமாக உள்ளன எனப் பேசுவதற்கே இடமில்லை என்றார். கசப்பான வாக்குவாதத்திற்குப் பின், அச்சேறவிருந்த தம் கட்டுரைக்கு ஹைசன்பர்க் ஒரு பின்குறிப்பைச் சேர்த்து, போஹ்ரின் திருத்தத்தை ஒப்புக்கொண்டார்.

இவ்விடத்தில் நம் தமிழ் நமக்குத் துணை செய்கிறது. இக்கோட்பாட்டை நிச்சயமின்மை என்கிறோம். அறுதியின்மை என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றல்ல. மூடிய பேழைக்குள் இருப்பது பொன்னோ செம்போ என நாம் அறியாதிருப்பது ஐயம். குறை நம் அறிவில் உள்ளது. போஹ்ர் கூறியது அதுவன்று. அளவீட்டிற்கு முன் பேழைக்குள் ‘இன்னது’ எனச் சுட்டத்தக்க ஒன்று உண்டென்பதையே அவர் கேள்விக்குள்ளாக்கினார்.

இது சொல்விளையாட்டன்று. துகள்கள் தம் பண்புகளை முன்னரே திட்டமாகக் கொண்டிருந்து, தொலைவிலுள்ள ஒன்று மற்றதை உடனடியாகத் தாக்காது எனவும் கொண்டால், அளவீட்டு முடிவுகளிடையே காணும் ஒற்றுமை ஓர் எல்லையைத் தாண்டலாகாது என 1964-இல் ஜான் பெல் நிறுவினார். அவ்வெல்லை மீறப்படுவதை 1982-இல் பிரான்சில் அலைன் ஆஸ்பெக்டின் குழு சோதனையில் காட்டியது. இத்துறை ஆய்வுகளுக்காக ஆஸ்பெக்ட், ஜான் கிளவுசர், ஆன்டன் ட்சைலிங்கர் ஆகியோர் 2022-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆக, துகளுலகின் புதிரை வெறும் அறியாமை எனத் தள்ளிவிட முடியாது.

1941-இன் மாலைப்பொழுதோ முதல் வகையைச் சேர்ந்தது. ஏதோ ஒன்று சொல்லப்பட்டது. ஏதோ ஒன்று கேட்கப்பட்டது. நினைவுகள் முரண்படுகின்றன, அவ்வளவே. இதற்கு வலுவான சான்றினை நாடகமே வரவழைத்துவிட்டது. நாடகம் எழுப்பிய விவாதத்தின் விளைவாக, போஹ்ர் எழுதியும் அனுப்பாதிருந்த கடித வரைவுகளை 2002 பிப்ரவரியில் நீல்ஸ் போஹ்ர் ஆவணக் காப்பகம் வெளியிட்டது. ஜெர்மனியின் வெற்றி உறுதி என ஹைசன்பர்க் பேசியதையும், அணு ஆயுதத்திற்கான முயற்சி அவர் தலைமையில் முழுமூச்சாக நடைபெறுகிறது என்னும் எண்ணமே தமக்கு ஏற்பட்டதையும் போஹ்ர் அவற்றில் குறித்திருக்கிறார். அது போஹ்ரின் நினைவு மட்டுமே, இறுதித் தீர்ப்பன்று. ஆனால் ஒரு சான்று கிடைத்ததும் நம் ஐயத்தின் அளவு மாறியது. ஹைசன்பர்க்கின் கோட்பாடு சுட்டும் எல்லையோ, எத்தனை ஆவணங்கள் வெளிவந்தாலும் இம்மியும் குறையாது.

நாடகத்தின் மற்றொரு குறை, அதில் கோப்பன்ஹேகனின் குரல் மட்டுமே ஒலிப்பது. தம் விளக்கத்தால் மனிதன் மீண்டும் பேரண்டத்தின் நடுவில் அமர்த்தப்பட்டான் என மேடையில் போஹ்ர் பெருமிதம் கொள்கிறார். உண்மையான போஹ்ர் வற்புறுத்தியது மனித மனத்தையன்று. சோதனைக் கருவியையும், அதை விவரிக்கும் அன்றாட மொழியையும்தான். துகள்களுக்குத் திட்டமான பாதை உண்டென 1952-இல் டேவிட் போம் வேறொரு விளக்கம் தந்தார். அளவீட்டின் எல்லா விளைவுகளும் நிகழ்கின்றன என்னும் கருத்துக்கு 1957-இல் ஹ்யூ எவரெட் வித்திட்டார். ‘அளவீடு’ என்னும் சொல்லின் தெளிவின்மையை எள்ளிய பெல், முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் தோன்றும்வரை உலகம் காத்திருந்ததா என்னும் பொருள்படக் கேட்டார். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. வழக்குரைஞருள் ஒருவரை மட்டும் பேசவிட்டு, தீர்ப்பு வந்துவிட்டதுபோல் காட்டுவது முறையாகாது.

எனினும், நாடகத்திற்கு ஆதரவாக ஒன்று சொல்லப்படலாம்: ஹைசன்பர்க்கின் உள்ளத்திலும் திட்டமான ஒரு நோக்கம் இல்லாதிருந்திருக்கலாமே! அச்சம், நாட்டுப்பற்று, குருபக்தி, செருக்கு யாவும் கலந்து, எதுவும் முழு வடிவம் பெறாமலேயே அவர் கதவைத் தட்டியிருக்கலாமே! இது நாடகத்தின் மிக ஆழமான இடம். இதை நாம் மதிக்கிறோம். ஆனால் இதைக் காணக் குவாண்டம் இயற்பியல் தேவையில்லை. தனக்கெதிராகத் தானே பிளவுண்ட மனத்தைப் பற்றி, ஏறத்தாழ பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தினார் தம் அறிக்கை நூலில் எழுதினார். அவர் அப்பிளவைத் தமது என்றே ஏற்றார். பொறுப்பிலிருந்து விலகும் வாயிலாக அதைக் கொள்ளவில்லை.

நாடகத்தில் ஹைசன்பர்க் கசப்பான நகைச்சுவையோடு ஒரு புதிய ‘குவாண்டம் அறநெறி’யைப் பேசுகிறார். கண்ணுக்குப் புலனாகும் விளைவுகளை மட்டும் கொண்டு தீர்ப்பிட்டால், குண்டு செய்யாத தமக்கு விண்ணகத்தில் இடமுண்டு. அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் அணுகுண்டுப் பணிக்குத் துணைநின்ற நல்லவர் போஹ்ரின் நிலை என்ன? இக்கேள்வி நம்மை உறங்கவிடாது, விடக்கூடாது. ஆனால் செயலையும் நோக்கத்தையும் சூழலையும் சேர்த்து எடைபோடுமாறே நம் அறநெறி மரபு நமக்குக் கற்பித்திருக்கிறது. பிறர் நோக்கம் நமக்கு மறைவாயிருப்பது, தீர்ப்பிடுவதில் நம்மை நிதானிக்கச் செய்யவேண்டும். நோக்கமே இல்லை என்று சொல்ல நமக்கு உரிமை தராது.

விசுவாசிகளாகிய நாமும் இதே பிழையை மறுபக்கத்திலிருந்து செய்வதுண்டு. அணுவுலகில் அறுதியின்மை காணப்பட்டதால் மனிதனின் கட்டற்ற சுதந்திரம் நிறுவப்பட்டதென்றும், ஆன்மாவுக்கு இயற்பியல் சான்று கிடைத்ததென்றும் மேடைகளில் முழங்குவதைக் கேட்கிறோம். எலெக்ட்ரானின் தற்செயலான தாவல் சுதந்திரமன்று. சுதந்திரம் என்பது காரணமறிந்து தெரிந்துகொள்வது. கடன்வாங்கிய உவமையின்மேல் கட்டப்பட்ட நம்பிக்கை, அந்த உவமை சரியும்போது தானும் சரியும்.

‘கோப்பன்ஹேகன்’ வாசிக்கத்தக்க நாடகம், பலமுறை வாசிக்கத்தக்கது. அதன் மாந்தர் நம் மனச்சாட்சியை அசைக்கின்றனர். அவர்களுக்குத் துகளின் விதியை இரவல் பெற்றுத் தரவேண்டிய தேவை இருக்கவில்லை. எலெக்ட்ரானிடம் ‘ஏன் வந்தாய்?’ என்று எவரும் கேட்பதில்லை. மனிதனிடம் மட்டுமே அக்கேள்வி கேட்கப்படுகிறது. விடை சொல்ல நா எழாதபோதும், அது அவனையே நோக்கி நிற்கிறது.