இலைக்கடியில் வைத்த பணம்

கொரட்டூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு கல்யாண மண்டபத்தில், போன மாசியில் நிதி திரட்டும் விழா ஒன்று நடந்தது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழை நோயாளிகளுக்காக. டோனர் பாஸ் இரண்டாயிரம் ரூபாய். மெல்லிசை, பிறகு பஃபே. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று முதல் ஒன்றேகால் மணி நேரம் மேடைக்கே போயிற்று. நோயாளிகளைப் பற்றிய பேச்சு சில நிமிடங்களில் முடிந்தது. கிளம்பும்போது செயலாளரிடம் கேட்டேன்: "மண்டபம், சாப்பாடு, பாட்டுக் கச்சேரி எல்லாம் போக எவ்வளவுங்க மிஞ்சும்?" "ஆடிட்டர் பார்த்துட்டுச் சொல்வார் சார்" என்றார். அந்தப் பதில் இன்னும் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஓர் இராப்போசன விருந்துக்கு நண்பர் அழைத்துப் போயிருந்தார். யாழ்ப்பாணத்துப் பள்ளி ஒன்றின் பழைய மாணவர் சங்கம் நடத்தியது. அங்கே ஸ்பான்சர் இல்லை, 'அனுசரணையாளர்'. மேசைகளைப் படித்த ஆண்டு வாரியாகப் பிரித்திருந்தார்கள்; எண்பத்திரண்டாம் ஆண்டு ஏ.எல். மேசை கொடுத்ததைவிட அடுத்த மேசை கூடுதலாகக் கொடுக்க முனைந்தது. நடுவே ஒரு தம்பி அதிர்ஷ்டலாபச் சீட்டுப் புத்தகத்தோடு வந்தார். "அண்ணை, ரெண்டு எடுங்கோ. ஆய்வுகூடத்துக்குத்தான்."

அந்தச் சீட்டுப் புத்தகத்தைக் கொரட்டூர் மண்டபத்துக்குள் கொண்டுவர முடியாது. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிக்குத் தடை வந்தது. இலங்கையிலோ லொத்தர் அரசாங்கத்தின் வருமான வழிகளில் ஒன்று. தேசிய லொத்தர் சபை, அபிவிருத்தி லொத்தர் சபை என்று இரண்டு சபைகள் இருக்கின்றன. அதனால் அங்கே விருந்து மேசையில் சீட்டு விற்பதை யாரும் உறுத்தலாக நினைப்பதில்லை. நம் ஊரில் அதன் இடத்தை விழா மலர் பிடித்துக்கொண்டது: பின்னட்டைக்கு ஒரு ரேட், முழுப் பக்கத்துக்கு ஒரு ரேட். அம்பத்தூர் எஸ்டேட்டின் சிறு பட்டறைக்காரர்கள் பலர் இப்படித்தான் தர்மம் செய்கிறார்கள்.

வரியும் மனத்தை வேறுவேறாகப் பழக்கியிருக்கிறது. இங்கே மார்ச் நெருங்கினால் '80ஜி உண்டா?' என்பதுதான் முதல் கேள்வி. நன்கொடைக்கு வரிக் கழிவு கிடைக்குமா என்று பொருள். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கழிவு இல்லை. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை. இலங்கையின் 2017-ஆம் ஆண்டு உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குத் தனிநபர் கொடுக்கும் பணத்தில் கழிவு உண்டு. ஆனால் வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொரு பங்கு, அல்லது 75,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுவரைதான். இலங்கை ரூபாயில் அது சிறு தொகை. அன்றைய மேசைகளில் வரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தின் மேல் உள்ள பாசம் கொடுக்க வைத்தது. ஆனால் ரசீது கேட்கும் நம் பழக்கத்தை நான் குறைவாக எண்ணமாட்டேன். ரசீது கேட்கிறவர்தான் கணக்கும் கேட்பார்.

இலங்கையிலிருந்து நாம் கற்க வேண்டியது வேறொன்று. 2011-இல், போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்ற இருவர் நிதி திரட்டத் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள் நடந்தார்கள். ஏறத்தாழ 670 கிலோமீட்டர். 'ட்ரெயில்' என்று பெயர். வழியெங்கும் மக்கள் சேர்ந்து நடந்தார்கள், பணம் கொடுத்தார்கள். அது யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனைக்கு. 2016-இல் அதே பாதையில் திரும்ப, பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தார்கள். இம்முறை காலியில் உள்ள கராப்பிட்டிய மருத்துவமனைக்கு. சிங்களத் தெற்கு தமிழ் வடக்குக்குக் கொடுத்ததையும், வடக்கிலிருந்து அது தெற்கே திரும்பியதையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. கொடுத்தவர் எவரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், தெல்லிப்பழையில் கட்டடம் நிற்கிறது.

நம்மிடமும் அப்படி ஒன்று உண்டு. அது நட்சத்திர ஓட்டலில் இல்லை. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து. கறிச் சோறு போடுவார்கள். சாப்பிட்டவர் மொய் வைப்பார். நோட்டில் பெயரும் தொகையும் எல்லார் கண்ணெதிரே ஏறும். ஆடி, ஆவணியில் கடன் அடைக்கவும் தொழில் தொடங்கவும் குடும்பங்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. 2024-இல் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு திண்டுக்கல் பிரியாணிக் கடை ஒன்று அதையே நிவாரணத்துக்குத் திருப்பியது. சாப்பிட்டு முடித்தவர்கள் தம்மால் முடிந்ததை இலைக்கடியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

அடுத்த மாதம் கொரட்டூரில் இன்னொரு விழாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது, பார்வையற்ற மாணவர் விடுதிக்காக. பாஸ் வாங்குவதற்கு முன் அமைப்பாளரிடம் ஒன்று கேட்டேன்: விழா முடிந்த மறுவாரம் வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி மண்டப வாசலில் ஒட்டுவீர்களா? சற்று யோசித்தார். "ஒட்டிடலாங்க" என்றார். இரண்டு பாஸ் வாங்கினேன்.