உன் ஆளுக்கு என்ன வேணும்? — ஒரு கையேடும் சில நடுகற்களும்

ஜோனா ஃபிஷெல், ட்ரிஸ்டன் ஃபிஷெல் இருவரும் சேர்ந்து எழுதிய 'தி கேம் மாஸ்டர்ஸ் ஹேண்ட்புக் ஆஃப் ப்ரோஆக்டிவ் ரோல்பிளேயிங்' 2023-ல் வெளிவந்தது. அதை இரண்டு முறை படித்தேன். அதில் சொன்னபடியே தருமபுரியில் நண்பர்களோடு ஒரு ஆட்டமும் நடத்திப் பார்த்தேன். நல்ல புத்தகம், இந்த ஆட்டம் நடத்துகிற எல்லோரும் படிக்கலாம். ஆனால் அதில் ஒரு இடம் தப்பு என்று இப்போது நினைக்கிறேன். அந்தத் தப்பை நான் அப்படியே நம்பியதால் எங்கள் மேசையில் ஒரு நாற்காலி காலியானது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். "நான் கதவைத் தட்டுறேன்", "நான் பின்பக்கமா சுத்திப் போறேன்" என்று அவரவர் பாத்திரம் செய்வதை வாயால் சொல்ல வேண்டியதுதான். முடிவு சந்தேகமாக இருந்தால் பகடை உருட்டுவோம். ஆட்டக்காரர்களின் பாத்திரங்களைத் தவிர்த்த மொத்த உலகத்தையும் ஒருவர் பார்த்துக்கொள்வார். அவர்தான் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம். ('நடத்துனர்' என்று தமிழில் சொல்லிப் பார்த்தோம். எல்லோரும் டிக்கெட் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.) கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. இன்றும் அதிகம் ஆடப்படுவது அதுதான்.

புத்தகம் சொல்வது

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் விழுந்தே ஆக வேண்டும். ஊரே அதைப் பார்க்கத்தான் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறது. கூத்துக்கு அது அழகு. ஆனால் பெரும்பாலான ஜி.எம்.களும் தங்கள் ஆட்டத்தை இப்படித்தான் நடத்துகிறார்கள். வில்லன் யார், அவன் திட்டம் என்ன, எந்த இடத்தில் விழுவான் எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ஆட்டக்காரர்கள் வில்லனுக்குப் பின்னாலேயே ஓடுவார்கள்.

ஃபிஷெல்கள் இதைத் திருப்பிப் போடச் சொல்கிறார்கள். முதலில் ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று எழுதட்டும். சீக்கிரம் முடிகிற நோக்கம் ஒன்று, நாள்பட்ட நோக்கம் ஒன்று. தோற்றால் ஏதாவது இழப்பு இருக்கணும். அந்த நோக்கங்களோடு மோதுகிற மாதிரி ஜி.எம். மற்ற மனிதர்களையும் கூட்டங்களையும் உருவாக்கட்டும். அதாவது ஆட்டக்காரர்கள் முன்கை எடுப்பார்கள், உலகம் பதில் சொல்லும்.

இதில் பெரிய உண்மை இருக்கிறது. "இன்னைக்கு என்ன கதைங்கண்ணா?" என்று கேட்டபடி வந்து உட்காருகிறவர்களுக்கு முன்னால் நான் பல வருஷம் கதை சொல்லிக் களைத்திருக்கிறேன். அந்தக் களைப்புக்கு இது சரியான மருந்து என்றுதான் நினைத்தேன்.

எங்கள் மேசை

களம் இதே மாவட்டம்தான், காலம் மட்டும் ஏழாம் நூற்றாண்டு. பல்லவர்களுக்குக் கீழே குறுநிலத் தலைவர்கள், அவர்களுக்குக் கீழே காடும் மேய்ச்சலுமாக ஊர்கள். செல்வம் என்றால் மாடு. ஊருக்கு ஊர் மாடு ஓட்டிக்கொண்டு போவதும், துரத்திப் போய் மீட்பதும்தான் வாழ்க்கை. முன்கை எடுத்து ஆட இதைவிடத் தோதான களம் கிடைக்காது.

நாலு பேர் ஆடினார்கள். நோக்கம் எழுதச் சொன்னேன். செல்போன் கடை வைத்திருக்கும் நண்பர், "எனக்குன்னு நூறு மாடு" என்று எழுதினார். பள்ளி ஆசிரியர் ஒருவர், தன் பாத்திரம் அந்தப் பகுதித் தலைவனுக்குத் தளபதியாக வேண்டும் என்றார். நர்சிங் படிக்கும் பெண், தன் அண்ணனைக் கொன்றவனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதினார். மூன்றும் புத்தகத்தில் எடுத்துக்காட்டாகப் போடலாம், அப்படி இருந்தன.

நாலாவது, எங்களில் இளையவன். மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை. "ஊர் நல்லா இருக்கணும்" என்று எழுதியிருந்தான்.

"இது நோக்கமே இல்ல தம்பி. உன் ஆளுக்கு என்ன வேணும்?" என்றேன்.

"தெரியலண்ணா. நீங்களே சொல்லிடுங்க."

அடுத்த மூன்று ஞாயிறும் மற்ற மூவரும் முன்கை எடுத்தார்கள். மாடு ஓட்டினார்கள், தலைவனிடம் பேரம் பேசினார்கள், சாட்சி தேடினார்கள். இவன் பாத்திரம் ஊரிலேயே இருந்தது. "ராத்திரி யார் காவல்?", "கன்னுக்குட்டியெல்லாம் எங்க கட்டியிருக்காங்க?", "கிழக்கால வழியில வேலி இருக்கா?" இப்படியே கேட்டுக்கொண்டிருந்தான். நான் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு மற்றவர்களிடம் போய்விடுவேன். நாலாவது வாரம் எல்லோர் முன்னாலும், "நீ ஒண்ணுமே பண்ண மாட்டேங்கிற" என்று சொன்னேன். சிரித்தான். அடுத்த வாரம் "ஷிஃப்ட் இருக்குண்ணா" என்று மெசேஜ் வந்தது. அதற்கடுத்த வாரமும் அதே மெசேஜ்.

கற்கள் சொல்வது

களத்துக்குக் குறிப்பு எடுக்கத்தான் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாசகங்களில் பல ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்மேல் யார் மாடு கொள்ள வந்தார்கள், அப்போது இன்னாருடைய சேவகன் இன்னான் என்ன செய்து பட்டான். மாட்டு மந்தைக்கு அங்கே 'தொறு' என்று பெயர். 'பட்டான்' என்றால் இறந்தான். வட்டெழுத்தில் நாலைந்து வரி, கீழே வில்லும் வாளுமாக ஓர் உருவம், அவ்வளவுதான்.

இந்த வரிகளை ஒரு பாத்திரக் குறிப்பாகப் படித்துப் பாருங்கள். "அவனுக்கு என்ன வேணும்?" என்ற கேள்விக்கு அங்கே பதிலே இல்லை. எந்த ஊர், யாருடைய ஆள், மாடு போன அன்றைக்கு என்ன செய்தான் என்பதற்குத்தான் பதில் இருக்கிறது. மாடு கொள்ளப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. நம்ம மாவட்டத்தைத் தாண்டி, செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு வீரனின் கல்லில் ஒரு நாய்க்குக்கூட இடம் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலம். கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்று அந்தக் கல்லில் எழுதியிருக்கிறார்கள். அந்த நாய் எங்கேயும் படையெடுத்துப் போகவில்லை. இருந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி கேட்ட கேள்விகள்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தன. ராத்திரி யார் காவல்? கன்று எங்கே கட்டியிருக்கு?

மன்னுறு தொழில், தன்னுறு தொழில்

நம் புறத்திணை இலக்கணம் இந்தப் பிரச்சனையை வெகு முன்பே தொட்டிருக்கிறது. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. தொல்காப்பியம் கரந்தையை வெட்சிக்குள்ளேயே அடக்குகிறது. புறத்துக்கு அங்கே ஏழு திணைதான். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையோ பன்னிரண்டாகப் பிரித்துக் கரந்தைக்குத் தனி இடம் கொடுக்கிறது. வஞ்சிக்குக் காஞ்சி, உழிஞைக்கு நொச்சி என்று தாக்குதலுக்கு எதிரே ஒரு தடுப்பும் வைக்கிறது.

இன்னொரு பிரிவும் உண்டு. அரசன் ஏவிப் போய் மாடு கொண்டால் மன்னுறு தொழில், தானாகவே போய்க் கொண்டால் தன்னுறு தொழில். ஜி.எம். கொடுத்த வேலையைச் செய்வதா, தானே முன்கை எடுப்பதா என்று ஃபிஷெல்கள் கேட்பது ஏறக்குறைய இதைத்தான். இளம்பூரணர் இந்தப் பிரிவை ஏற்கவில்லை. வேந்தன் விடுத்துப் போவதே வெட்சி என்று தொல்காப்பியம் சொல்லியிருக்க, இப்படி இரண்டாகப் பிரிக்கும் பன்னிருபடலத்து வெட்சிப் படலம் தொல்காப்பியர் எழுதியதாக இருக்க முடியாது என்பது அவர் வாதம்.

எனக்கு இந்தச் சண்டையில் பிடித்தது ஒன்றுதான். மன்னுறு, தன்னுறு என்ற கேள்வி வெட்சிக்கு மட்டும்தான் வருகிறது. கரந்தைக்கு அது ஒட்டவே இல்லை. மாடு போய்விட்டது, இருட்டு, எதிரில் எத்தனை பேர் என்று தெரியாது. ஏவுவதற்கு அரசன் பக்கத்தில் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருந்துவிடலாம். எழுந்து ஓடுகிறவன் யார் சொல்லி ஓடுகிறான்? முதல் அடியை எடுத்து வைத்தவன் எதிரிதான், அதனால் இது வெறும் எதிர்வினை என்று ஒதுக்க முடியுமா?

புத்தகம் சறுக்கும் இடம்

ஃபிஷெல்களின் புத்தகம் கதையைத் தொடங்குகிறவனிடம்தான் அதிகாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. வில்லன் தொடங்கினால் ஆட்டக்காரர்கள் பின்தங்கியவர்கள், ஆட்டக்காரர்கள் தொடங்கினால் ஆட்டம் அவர்களுடையது. காக்கிற வேலை, தடுக்கிற வேலை எல்லாம் ஜி.எம். கையில் இருக்கும் மற்ற மனிதர்களுக்குப் போய்விடுகிறது. நேராகச் சொன்னால், ஆட்டக்காரர்களுக்கு வெட்சி, ஜி.எம்.முக்குக் கரந்தை.

இது அவர்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. ஆட்டக்காரர்களே எங்கே போவது, எப்போது ஆடுவது என்று முடிவு செய்த பழைய முயற்சிகளில் புகழ்பெற்றது பென் ராபின்ஸின் 'வெஸ்ட் மார்ச்சஸ்'. 2007-ல் அதைப் பற்றி எழுதினார். அங்கே ஊர் பாதுகாப்பானது, ஊருக்குள் சாகசம் கிடையாது, சாகசம் எல்லாம் எல்லைக்கு அப்பால் காட்டில். ஊர் என்பது கிளம்பிப் போகிற இடம் மட்டுமே. அமெரிக்க எல்லைப்புறக் கதைகளின் வாசனை அதில் இருக்கிறது. முன்னால் கிடப்பது யாருடையதும் இல்லாத நிலம், துணிந்தவன் போகலாம். தகடூர் நாட்டில் அப்படி ஒரு நிலம் இல்லை. நூறு மாடு வேண்டும் என்றால் யாருடைய நூறு மாடு என்ற கேள்வி உடனே வரும். அந்த மாட்டுக்கு ஒரு கொட்டகை இருக்கிறது, கொட்டகைக்கு ஒரு காவல் இருக்கிறது.

புத்தகத்துக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நோக்கம் எப்போதும் ஆசையாகவோ பேராசையாகவோ இருக்க வேண்டும் என்று அது எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. காப்பதையும் நோக்கமாக எழுதலாம். என் தம்பி எழுதியது அதைத்தான். ஆனால் 'முன்கை' என்ற சொல்லையே அளவுகோலாகக் கையில் கொடுத்துவிட்டால், அளக்கிறவனுக்கு நகருகிறவன் மட்டும்தான் தெரிவான். எனக்கு அப்படித்தான் ஆனது. இத்தனைக்கும் மேசையில் உலகத்தைப் பற்றி அதிகம் கேள்வி கேட்டவன் அவன்தான். அவன் கேட்டிருக்காவிட்டால் அந்த ஊருக்கு வேலியே இருந்திருக்காது.

மாற்றியது

இப்போது நோக்கம் எழுதச் சொல்வதை விடவில்லை, கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கிறேன்: எதை யாராவது பறித்துக்கொண்டு போனால் உன் ஆள் ராத்திரியில் எழுந்து ஓடுவான்? முதல் கேள்விக்கு "தெரியலண்ணா" என்று சொல்கிறவர்கள்கூட இதற்கு யோசிக்காமல் பதில் சொல்கிறார்கள். ஆசிரியர் தன் கிழட்டுக் காளையைச் சொன்னார். நர்சிங் படிக்கும் பெண், கொன்றவனைப் பற்றிச் சொல்லாமல், அண்ணனுடைய குழந்தையைச் சொன்னார். அவர் பாத்திரத்துக்கு ஒரு அண்ணி உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து, ஆட்டக்காரர்கள் ஓட்டி வந்த மாட்டை மீட்க அந்த ஊர்க்காரர்கள் வருவார்கள். எப்போது, எந்த வழியில் என்று நான் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன். ஊரில் யார் காவல் என்பதை ஆட்டக்காரர்கள் முடிவு செய்கிறார்கள். போன மாதம் மூன்று வாரமும் ஊரை விட்டு யாரும் வெளியே போகவே இல்லை. அவ்வளவு வேலை இருந்தது.

மூன்றாவது மாற்றம் எனக்கு. "நீ ஒண்ணும் பண்ணல" என்று இனி யாரிடமும் சொல்வதில்லை. கேள்வி கேட்கிறவனுக்கு முழுசாகப் பதில் சொல்கிறேன்.

தம்பிக்கு போன் செய்து, நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். "அட, அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா, நெஜமாவே ஷிஃப்ட்டுதான்" என்றான். நான் நம்பவில்லை, அவனும் நான் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். எடுத்தனூர் நாயைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"நாயா ஆடலாமாண்ணா?"

விதிப்புத்தகத்தில் அதற்கு வழி இருக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. ஆடலாம் என்று சொல்லிவிட்டேன். இந்த ஞாயிறு ஷிஃப்ட் இல்லையாம்.