தக்காளிச் செடியும் தணிந்த வலியும்

சொல்லுக்கு நோய் தணிக்கும் ஆற்றல் உண்டென்பதை மறுப்பார் இலர். அந்த ஆற்றல் மனித உள்ளத்துள் எவ்வழியே நுழையலாம், எவ்வழியே நுழையலாகாது என்பதே வினா. அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் (1901–1980) 1966-இல் எழுதிய கட்டுரை ஒன்றை இவ்வினாவோடு படித்தல் தகும். உரையாடல்வழி அறிதுயில் என்று இன்று பேசப்படும் முறைக்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மனோவசியம் என்று மக்கள் வழங்கும் அறிதுயில் மருத்துவத்தின் பழைய வடிவம் எளியது. நோயாளி இசைந்து அமர்கிறார். பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்துகிறார். இமைகள் கனக்கின்றன, உடல் தளர்கிறது என மருத்துவர் சொல்லிக்கொண்டே செல்கிறார். பின்னர், வலி குறைகிறது என்று நேரடியாகவே கருத்தேற்றம் செய்கிறார். தொடங்குவதும் முடிவதும் இருவருக்கும் தெரியும். இம்முறையின் முன்னோடிகளுள் ஒருவர், கோவாவின் கண்டோலிமில் 1756-இல் பிறந்து பாரிஸ் நகரில் மறைந்த குருவானவர் அபே ஃபரியா. உறங்குமாறு ஆணையிட்டே அவர் பலரைத் துயிலில் ஆழ்த்தினார். ஆயினும், மெஸ்மர் கூறிய காந்தப் பாய்மம் எதுவும் இதில் இல்லை, துயில்பவரின் மனக்குவிப்பே காரணம் என்று 1819-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். ஆணை வெளியிலிருந்து வந்தாலும் ஆற்றல் உள்ளேதான் இருக்கிறது என்பதே அவர் கண்ட உண்மை.

எரிக்சன் அந்த உள்ளாற்றலை ஏற்றுக்கொண்டு ஆணையைக் கைவிட்டார். மேற்சொன்ன கட்டுரையில் ஜோ என்று மட்டும் சுட்டப்படும் பூ வணிகர் ஒருவர் வருகிறார். முகத்தில் புற்றுநோய், ஒரு மாதமே வாழ்வார் என்பது மருத்துவர் கணிப்பு. தொண்டையில் துளையிடப்பட்டதால் பேச இயலாது, எழுதியே காட்டுவார். வலியோ மருந்துக்கு அடங்கவில்லை. ஹிப்னாடிசம் என்ற சொல்லையே அவர் வெறுத்தார். உறவினரின் வேண்டுகோளால் வந்த எரிக்சன், அவரிடம் தக்காளிச் செடியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். விதை மண்ணில் விழுவதும், மழை பெய்வதும், வேர் விடுவதும், மொட்டு அரும்புவதுமாகப் பேச்சு நீள்கிறது. இடையிடையே நிம்மதி, சுகம், ஓய்வு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் மட்டும் சற்றே மாறிய குரலில் ஒலிக்கின்றன. வலி பெரிதும் தணிந்தது, ஜோ வீடு திரும்பினார், குறித்த கெடுவையும் கடந்து வாழ்ந்தார் என்கிறது கட்டுரை.

இம்முறை இயங்கும் விதத்தில் மூன்று கூறுகளை நாம் காண்கிறோம். பேசுபொருள் நோயாளியின் வாழ்வோடு நெருங்கியது. பூச்செடிகளோடு வாழ்நாளைக் கழித்தவரின் கவனம் செடியின்பால் தானே செல்லும். அடுத்து, கட்டளை இல்லாததால் மறுப்பதற்கும் எதுவும் இல்லை. மூன்றாவதாக, உரிய சொற்களைக் குரலே பிரித்துக் காட்டுகிறது. பழைய முறை வாயிலில் நின்று கதவைத் தட்டுகிறது. இதுவோ பேச்சோடு பேச்சாக உள்ளே வந்துவிடுகிறது.

தமிழறிந்தோர்க்கு இங்கே உள்ளுறை நினைவுக்கு வரும். செடியையும் விலங்கையும் சொல்லி மாந்தர் நிலையை உணர்த்துவது நம் சங்கப் புலவர்க்குக் கைவந்த கலை. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. உள்ளுறையில் கேட்போர் விழிப்போடு ஆராய்ந்து மறைபொருளைக் கண்டடைய வேண்டும், கண்டடைவதே இன்பம். எரிக்சனின் பேச்சிலோ மறைபொருள் கவனிக்கப்படாமல் சென்றால்தான் வெற்றி. முன்னது அறிவை எழுப்புகிறது; பின்னது அறிவின் காவலைக் கடந்து செல்கிறது. திறனாய்வாளர் மனங்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே.

சான்றின் வலிமையையும் எடைபோட வேண்டும். நோய் தணித்தவரும், அதற்குச் சாட்சி சொல்பவரும், கட்டுரையை வெளியிட்ட இதழின் ஆசிரியரும் இங்கு ஒருவரே. குரலின் ஏற்ற இறக்கத்தை அச்சு தாங்குவதில்லை. சாய்ந்த எழுத்துகள்தாம் அதைச் சுட்டுகின்றன. மறைமுகக் கருத்தேற்றம் நேரடிக் கருத்தேற்றத்தைவிடச் சிறந்தது என்பதைப் பின்வந்த ஒப்பாய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. அறிதுயிலுக்கு இசையும் தன்மை ஆளுக்கு ஆள் மாறும் என்பதை ஸ்டான்ஃபோர்டில் 1959-இல் உருவான அளவுகோல் முதல் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, பேச்சினாலேயே எவரையும் வசப்படுத்தலாம் என்ற விளம்பரம் நம்பத்தக்கதன்று.

ஆயினும் அந்த விளம்பரம் ஓயவில்லை. எரிக்சனின் மொழி உத்திகளைப் பேண்ட்லரும் கிரைண்டரும் 1975-இல் நூலாகத் தொகுத்தனர். அவை என்.எல்.பி. என்ற பயிற்சிமுறைக்கு ஊற்றாகி, நோயாளியின் படுக்கையருகே பிறந்த கலையை விற்பனைக் கூடம்வரை கொண்டு சென்றன. உத்தி அதுவே, நோக்கம்தான் மாறியது. ஜோ விரும்பியது வலி தணிவதை. பேச்சும் அதையே நாடியது. விற்பவர் நாடுவதோ கேட்பவரின் நன்மையை அன்று, தம் ஆதாயத்தை.

எனவே இம்முறையை முற்றிலும் தள்ளவும் நாம் துணியோம், முற்றிலும் ஏற்கவும் துணியோம். கேட்பவர் தாமே விரும்பும் நன்மைக்காக அது பேசப்படுகிறதா? செய்தது இன்னதெனப் பின்னர் அவரிடம் தயங்காது சொல்ல முடியுமா? இவ்விரு வினாக்களுக்கும் ஆம் என்று விடை வருமிடத்தில் மறைமுகப் பேச்சும் மதிப்புடையதே. எரிக்சனின் கட்டுரை உத்தியை விரித்துரைக்கும் அளவுக்கு இசைவைப் பற்றி ஆராயவில்லை என்பதே அதன் குறை. வெறுத்த சொல்லை ஒரு நோயாளிமேல் திணியாமல், அவர் அறிந்த செடியின் மொழியில் பேசியதே அதன் நிறை.

நோயாளியின் அருகில் அமர்ந்து பேசுவோர் மருத்துவர் மட்டுமல்லர். உறவினர் பேசுகின்றனர், குருக்களும் பேசுகின்றோம். தளர்ந்து கிடப்பவரின் செவி திறந்தே இருக்கிறது. மறுக்கும் வலிமைதான் குன்றியிருக்கிறது. அங்கே மெல்லப் பேசும் சொல்லுக்கும் இசைவு வேண்டும்.