ஐந்து பேர் போதும்: பாகாலாவிலிருந்து ஒரு பட்டியல்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் ஒரு கட்டுரை கேட்டார்கள். "போன தடவை மாதிரி இலக்கணம் வேண்டாம் சார், குடும்பத்தோட உட்கார்ந்து படிக்கிற மாதிரி எழுதுங்க" என்று நிபந்தனையும் போட்டார்கள். சங்கீதத்தைப் பற்றி எழுதினால் குடும்பத்தோடு சண்டை போடலாமே தவிர, படிக்க முடியுமா என்பது சந்தேகம்தான். இருந்தாலும் ஒரு காரணத்துக்காக ஒப்புக்கொண்டேன்.

பாகாலா வீட்டைக் காலி செய்துவிட்டு பெங்களூரில் மகளோடு இருக்கப் போகிறேன். ரயில்வேயில் சேர்ந்த நாள் முதல் சேர்த்த கேசட்டுகள் இரண்டு மரப்பெட்டி நிறைய இருக்கின்றன. பாதி பூஞ்சணம் பிடித்தது. மகள், "அப்பா, உங்களுக்கு ரொம்பப் பிடிச்சதை மட்டும் எடுத்து வையுங்க, மாத்திக்கொடுக்கச் சொல்றேன்" என்றாள். பேரன், "எல்லாமே போன்ல இருக்கு தாத்தா, எதுக்கு எடுக்கணும்?" என்றான். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் அதற்கு முந்தின மாதம் திருப்பதியில் காது டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். வயதான காதில் முதலில் போவது உச்ச ஒலிகள். கீழ் ஒலிகள் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். உயிரெழுத்து காதில் விழும், மெய்யெழுத்து தேயும். க, ச, த, ப எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். பெயர்தான் வல்லினம், காதை விட்டு முதலில் நழுவுவது அதுதான்.

ஆகவே எனக்கு இது பொழுதுபோக்குப் பட்டியல் அல்ல. இன்னும் சில வருஷம் நன்றாகக் கேட்கலாம் என்றால், யாரைக் கேட்டு அந்த வருஷங்களைச் செலவழிப்பது? ஐந்து பேர் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்.

எதை வைத்து நிறுப்பது?

மிகப் பெரிய வித்வான் யார் என்பது ஒரு கேள்வி. வாழ்நாள் முழுக்கக் கூட வைத்துக்கொள்ளத் தக்க வித்வான் யார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பட்டங்களும் விருதுகளும் பதில் சொல்லும். இரண்டாவதற்கு வீடுதான் பதில் சொல்ல வேண்டும். கல்யாண விருந்தில் சாப்பிட்டதைத் தினமும் சாப்பிட முடியாது. ரசம் சாதம் முடியும்.

நூறாவது தடவையும் அலுக்காமல் இருக்க வேண்டும். இது எல்லோருக்கும் பொதுவான சோதனை. அதற்கு மேல் எங்கள் ஊருக்கே உரிய சோதனை ஒன்று உண்டு.

பாகாலா ஒரு ரயில் சந்திப்பு. காட்பாடியிலிருந்து திருப்பதிக்குப் போகிற பாதையில், தர்மாவரம் பாதை பிரிகிற இடம். மீட்டர் கேஜ் காலத்தில் இங்கே வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. கடையில் தெலுங்கு, வீட்டில் தமிழ், சண்டையில் இரண்டும். சென்னையில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியபோது, புரியாத மொழியில் எதற்குப் பாடுகிறீர்கள் என்று ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வி பாகாலாவுக்கு வரும்போது தலைகீழாகிவிடுகிறது. தியாகராஜரின் தெலுங்கு எங்களுக்குப் புரிகிறது. அதுதான் தொல்லை. சென்னைச் சபையில் ஒருவர் பதத்தைத் தப்பான இடத்தில் வெட்டினால் ராகத்தின் அழகில் கரைந்துபோகும். இங்கே பக்கத்து வீட்டுத் தெலுங்கு மாஸ்டர்காரு திண்ணையிலிருந்தே, "ஏமண்டி, உங்க வித்வான் ராமரைக் கூப்பிடறாரா, துரத்தறாரா?" என்பார்.

மாஸ்டர்காரு பள்ளிக்கூடத்தில் தெலுங்கு சொல்லிக்கொடுத்தவர். முப்பது வருஷம் மாலை வேளையில் என் டேப் ரெகார்டருக்கு எதிரே உட்கார்ந்தார். தமிழ்ப் பாட்டு ஓடினால் நான் நீதிபதி, தெலுங்குப் பாட்டு ஓடினால் அவர். இரண்டு காதிலும் தேறியவர்கள் கொஞ்சம் பேர்தான். டாக்டர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. சொல்லை அழுத்தமாக விட்டவர்கள்தான் தேய்கிற காதுக்கும் கடைசி வரை கேட்பார்கள்.

ஐவர்

முதலில் எம்.எஸ். சுப்புலட்சுமி (1916–2004). இதில் புதுமை ஒன்றுமில்லை என்பீர்கள். திருப்பதிப் பக்கத்தில் வாழ்கிறவனுக்கு அவர் சங்கீதமாக அறிமுகமாகவில்லை, விடியற்காலையாக அறிமுகமானார். 1963இல் வெளிவந்த அவருடைய சுப்ரபாத இசைத்தட்டு டீக்கடை, கோயில், பஸ் ஸ்டாண்டு எல்லா இடத்திலும் ஓடி ஓடி, ஒரு கட்டத்தில் நாங்கள் அதைக் கேட்பதையே நிறுத்திவிட்டோம். காற்று மாதிரி ஆகிவிட்டது. குறை என்று சொன்னால் அதுதான்: அளவுக்கு மீறிப் பழகிய குரல். பின்னால் தேவஸ்தானத்துக்காக அவர் பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலாவைத் தனியாக உட்கார்ந்து கேட்டபோதுதான், சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் எதுவானாலும் ஒவ்வோர் எழுத்தையும் அவர் எப்படிக் கழுவி வைக்கிறார் என்று புரிந்தது. மாஸ்டர்காரு அவருக்கு மட்டும் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்து உட்காருவார்.

இரண்டாவது டி.கே. பட்டம்மாள் (1919–2009). காஞ்சிபுரத்துக்காரர். அங்கே வாழ்ந்த நாயனா பிள்ளையின் (1889–1934) லய வலுவைச் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர். பெண்கள் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடுவது வழக்கத்தில் இல்லாத காலத்தில் அதைப் பாடிக்காட்டினார். 'நாம் இருவர்' (1947) படத்தில் பாரதியைப் பாடினார். அவர் குரலில் எம்.எஸ்.ஸின் தேன் கிடையாது. உருக்கி எடுக்கிற வேலையும் இல்லை. ஆனால் காலப்பிரமாணம் தண்டவாளம் போட்ட மாதிரி இருக்கும். தீட்சிதர் கீர்த்தனையை அவர் பாடினால் வேகத்தைக் கூட்டாமல், குறைக்காமல் கடைசி ஸ்டேஷன் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார். ரயில்வேக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாவது மதுரை சோமு (1919–1989). இவருக்கும் எங்கள் ஜில்லாவுக்கும் உறவு உண்டு. நாயனா பிள்ளையின் சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975). புங்கனூரில் பிறந்தவர், 1954இல் சங்கீத கலாநிதி. அவரிடம் குருகுலமாக இருந்து கற்றவர் சோமு. ஆக காஞ்சிபுரத்திலிருந்து சித்தூர் வழியாக மதுரைக்குப் போன ஒரு பாதை இது. சோமுவைத் 'தெய்வம்' (1972) படத்தில் மருதமலை முருகன் மேல் பாடிய ஒரு பாட்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதிகம். அவர் கச்சேரியைக் கேட்க வேண்டும். குறை நிறைய உண்டு. நீட்டிக்கொண்டே போவார். உணர்ச்சி கரை தாண்டும். சொன்னதையே பத்துத் தடவை சொல்லிக் கெஞ்சுவார். விமரிசகன் என்ற முறையில் நான் அவருக்குப் பாதி மார்க்தான் போடுவேன். ஆனால் என் மனைவி காலமான வருஷம், மற்ற எல்லாருடைய சங்கீதமும் அழகாக இருந்தது, அந்த அழகு எனக்குத் தாங்கவில்லை. சோமு ஒருத்தர்தான் கூட உட்கார்ந்து அழுதார். அளவாக அழுகிறவரை வைத்துக்கொண்டு நான் அன்றைக்கு என்ன செய்திருப்பேன்?

நான்காவது ஷேக் சின்ன மௌலானா (1924–1999). ஓங்கோல் பக்கம் கரவதியில் பிறந்த தெலுங்கு முஸ்லிம். தஞ்சாவூர்ப் பாணி நாகஸ்வரத்தின் மேல் ஆசைப்பட்டு நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறிவிட்டார். 1998இல் சங்கீத கலாநிதி. நாம் தமிழ்நாட்டை விட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள். அவர் இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போனவர். போன இடத்தை எப்படிச் சொந்தமாக்கிக்கொள்வது என்பதற்கு அவரைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் கம்பீரத்தை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு மௌலானா கொஞ்சம் மென்மையாகத் தோன்றலாம். ஊர்வலத்துக்கு அது போதாது என்றுகூடச் சொல்லலாம். வீட்டுக்குள் கேட்க, குரல் போலவே குழைகிற அந்த வாசிப்புத்தான் பொருத்தம். இதில் சொல்லே கிடையாது என்பதால் எனக்கும் மாஸ்டர்காருவுக்கும் சண்டையும் கிடையாது.

ஐந்தாவது எம்.டி. ராமநாதன் (1923–1984). பாலக்காட்டு மஞ்சப்பராவில் பிறந்து, டைகர் வரதாச்சாரியாரிடம் கற்று, கலாக்ஷேத்திராவில் கற்பித்தவர். இங்கேதான் என் சோதனை எனக்கே எதிராகத் திரும்புகிறது. ராமநாதன் பதத்தை இழுப்பார், பாதியில் விடுவார், மௌனமாக இருந்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுவார். மாஸ்டர்காரு பொறுக்கவே மாட்டார். "இது தெலுங்கா? தூக்கத்துல பேசற மாதிரி இருக்கு" என்பார். அவர் சொன்னது தப்பென்று என்னால் வாதாட முடியவில்லை. சொல் தெளிவு என்று மேலே அவ்வளவு பேசிவிட்டு இவரை எப்படிச் சேர்ப்பது?

சேர்க்கிறேன். முதல் காரணம், அந்தக் கீழ்ஸ்தாயிக் குரல். என் காதில் கடைசியாகத் தேயப்போவது அதுதான். இரண்டாவது, அவர் கொடுக்கிற அவகாசம். மற்றவர்கள் பாடுகிற வேகத்துக்கு நாம் ஓட வேண்டும். இவர் நமக்காக நிற்கிறார். ஒரு ஸ்வரத்தை வைத்துவிட்டு, நாம் வந்து சேர்ந்த பிறகு அடுத்ததை வைக்கிறார். நாற்பது வயதில் இது எனக்குச் சோம்பலாகத் தெரிந்தது. இப்போது மரியாதையாகத் தெரிகிறது. கேட்கிறவன் மாறுகிறான் என்பதை விமரிசனம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விட்டவர்கள்

ஜி.என்.பி.யை விட்டது எப்படி என்று கேட்பீர்கள். அவர் வேகம் ஒரு காலத்தில் என்னை எழுந்து நிற்க வைத்தது. இப்போது நான் உட்காரத்தான் விரும்புகிறேன். மதுரை மணி ஐயரை விட்டதற்கு மனசு உறுத்துகிறது. ஸ்வரம் பாடும்போது அவரளவுக்குச் சந்தோஷமாக இருந்தவர் யாருமில்லை. குழல் மாலியை விட்டதற்குக் காது மட்டுமே காரணம். அந்தக் குழலில் காற்று சிலிர்க்கிற இடம் எனக்கு இப்போது சரியாகக் கேட்பதில்லை. பாதி மாலியைக் கேட்பதைவிட முழு மாலியை நினைத்துக்கொள்வது மேல்.

பாலமுரளிகிருஷ்ணா (1930–2016) விஷயம் கொஞ்சம் பெரியது. மாஸ்டர்காருவின் பட்டியலில் முதல் பெயர் அது. கோதாவரி ஜில்லாக்காரர், தெலுங்கு அவர் வாயில் பிறந்த மொழி. தமிழனும் அவரை விட முடியாது. 'திருவிளையாடல்' (1965) படத்தில் ஹேமநாத பாகவதருக்காக அவர் பாடியதைக் கேட்டுத் தோற்றுப்போகாதவர் யார்? சொல் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவர். எனக்கு அவரிடம் இருந்த ஒரே குறை, எல்லாம் அவருக்குச் சுலபமாக வருகிறது என்பது. சிரமமே தெரியாத குரலோடு எனக்கு ஒட்டவில்லை. "கஷ்டப்பட்டாத்தான் சங்கீதமா? மூட்டை தூக்கறவனா அவர்?" என்று மாஸ்டர்காரு கோபிப்பார். முப்பது வருஷமும் தீராத வழக்கு அது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாஸ்டர்காரு போய்விட்டார். பெட்டியைப் பிரித்தபோது அவர் கொடுத்த பாலமுரளி கேசட் ஒன்று கிடைத்தது, மேலே தெலுங்கில் அவர் கையெழுத்து. போட்டுக் கேட்டேன். என் அபிப்பிராயம் மாறவில்லை. ஆனால் வாதத்துக்கு ஆளில்லாமல் ஓர் அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தக் கேசட் ஐந்தில் சேரவில்லை. பெங்களூருக்கு வருகிறது.

பிள்ளைகளுக்கு

"உங்க அஞ்சு பேரும் செத்துப்போனவங்களா இருக்காங்களே தாத்தா" என்று பேத்தி கேட்டாள். உண்மைதான். இது என் காதின் பட்டியல். அவள் சஞ்சய் சுப்ரமணியத்தையும் பாம்பே ஜெயஸ்ரீயையும் கேட்கிறாள். அவள் பட்டியல் அங்கிருந்து தொடங்கட்டும், அதில் என்னுடைய ஐவரில் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத வராது, படிக்கத் திணறுவார்கள். ஆனால் பாட்டில் ஒரு சொல் விழுந்தால் திரும்பிப் பார்க்கிறார்கள், "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிற பாடகர் யாராக இருந்தாலும் சரி.

ஒரே ஒரு யோசனை. போனில் எல்லாரும் இருக்கிறார்கள் என்பது யாருமே இல்லை என்பதற்குச் சமமாகிவிடலாம். ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். பத்து வருஷம் அவர்களோடு இருங்கள். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஏன் மாற்றினோம் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டு மாற்றுங்கள். எதிரே உட்கார்ந்து மறுத்துப் பேச ஓர் ஆள் இருப்பது நல்லது. முடிந்தால் அவர் வேறு மொழிக்காரராக இருக்கட்டும்.