சொல்லக்கூடாத முடிவு: ‘சுழல்’ தொடரும் அதன் பார்வையாளர் கருத்துகளும்

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் குடும்பத் தொடர்களையே பொருளாகக் கொள்கின்றன. குற்றக்கதைத் தொடர்கள், அவற்றுள்ளும் அடுத்தடுத்த திருப்பங்களால் கதையை நகர்த்துபவை, திறனாய்வாளரின் கண்ணில் அரிதாகவே படுகின்றன. அவற்றைப் பார்த்தவர்கள் சொல்லும் கருத்துகள் இன்னும் கீழே வைக்கப்படுகின்றன. ‘யார் செய்தது என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது’, ‘கடைசிவரை எதிர்பார்க்கவில்லை’ என்ற வகைக் கூற்றுகளில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.

இருக்கிறது என்பதே என் நிலைப்பாடு. புஷ்கர், காயத்ரி இணையர் உருவாக்கி, பிரம்மாவும் அனுசரண் முருகையனும் இயக்கிய ‘சுழல்’ தொடரை எடுத்துக்கொண்டு, அதன் முடிவைப் பற்றிப் பார்வையாளர் பேசிய விதத்தையும் பேசாது விட்ட விதத்தையும் இங்கு நோக்குகிறேன். அதன்பொருட்டு முடிவை வெளிப்படையாகச் சொல்லவேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்தருள்க. சொல்லாமல் விடுவதால் நேரும் இழப்பே இக்கட்டுரையின் பொருள்.

எட்டுப் பகுதிகள் கொண்ட முதற்பருவம் 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் ஒருசேர வெளியாயிற்று. மொழிமாற்றக் குரலுடனும் எழுத்து வசனங்களுடனும் 30க்கும் மேற்பட்ட மொழிகளில் அது கிடைத்தது. களம் சாம்பலூர் என்ற கற்பனை ஊர். அங்காளம்மனுக்குரிய மயானக் கொள்ளைத் திருவிழா தொடங்கும் வேளையில் ஊரின் சிமென்ட் ஆலை எரிகிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். ஆலை எரிப்பில் சண்முகத்தின் மீதே சந்தேகம் விழுகிறது. நிலா சென்றது ஆய்வாளர் ரெஜினாவின் மகன் அதிசயத்துடன் என்பது பிறகு தெரியவருகிறது. இருவரும் பிணமாகவே மீட்கப்படுகிறார்கள். உதவி ஆய்வாளர் சக்கரையும் நிலாவின் அக்கா நந்தினியும் தேடிச் சென்று இறுதியில் வந்து நிற்கும் இடம் சண்முகத்தின் சொந்த வீடு. குற்றவாளி சண்முகத்தின் தம்பி குணா. நந்தினி சிறுமியாக இருந்தபோது அவளையும் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியவன் அவனே.

இனிப் பார்வையாளரிடம் வருவோம். திருப்பக் கதையொன்றைப் பற்றி எங்கும் முதலில் எழும் தீர்ப்பு, ‘ஊகித்தேன்’ அல்லது ‘ஊகிக்கவில்லை’ என்பதாகும். இது மேலோட்டமானதன்று. கதாசிரியருக்கும் வாசகருக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று உண்டு என்ற நம்பிக்கை அதனுள் இருக்கிறது. அவ்வொப்பந்தத்தை ஆங்கிலத்தில் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் பத்துக் கட்டளைகளாகவே எழுதிவைத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே குறிப்பிடப்பட்டவனாக இருக்கவேண்டும் என்பது அவற்றுள் முதலாவது. தமிழ் வாசகர் நாக்ஸைப் படித்து இதைக் கற்கவில்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலம் தொட்டுத் துப்பறியும் நாவல்களைப் படித்த பழக்கமும், பின்னர் வார இதழ்த் தொடர்களைத் துரத்திய பழக்கமும் அதைக் கற்பித்தன. சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ 1968இல் குமுதத்தில் வந்தபோது வாரந்தோறும் காத்திருந்தவர்களுக்கு, ஏமாற்றப்படுவதற்கும் ஏய்க்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடு நன்கு தெரிந்திருந்தது. முன்னது வாசகர் விரும்பி வாங்கும் இன்பம். பின்னது ஒப்பந்த மீறல்.

இந்த அளவுகோலின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டிய நிகழ்வு 2021 மே 2 அன்று பிரித்தானியாவில் நடந்தது. பிபிசியின் ‘லைன் ஆஃப் டியூட்டி’ தொடரின் ஆறாம் பருவ இறுதியை அன்றிரவு ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் பேர் பார்த்தனர். ஊழலின் தலைமை மறைவாளன் யார் என்று பல பருவங்களாக ஊகித்துவந்தவர்களுக்கு, அவன் திறமையற்ற, எவரும் பொருட்படுத்தாத ஓர் அதிகாரி என்ற விடை கிடைத்தது. ஒப்பந்தம் மீறப்படவில்லை, அவன் தொடக்கத்திலிருந்தே கதையில் இருந்தவன்தான். ஆயினும் பலர் கொதித்தனர். விடை நியாயமானதாக இருந்தால் மட்டும் போதாது, பெரியதாகவும் இருக்கவேண்டும் என்று பார்வையாளர் எதிர்பார்க்கிறார்கள் என்பது அன்று விளங்கிற்று. சலிப்பூட்டும் மனிதர்களே நிறுவனங்களைச் சீரழிக்கிறார்கள் என்று ஒரு தொடர் சொல்ல முயன்றால் அதனைக் கேட்க அவ்வளவு பேர் ஆயத்தமாக இல்லை.

அத்தொடர் வாரம் ஒரு பகுதியாக வந்தது. ஊகம் பொதுவெளியில் நடந்தது. ‘சுழல்’ ஒரே நாளில் முழுமையாக வந்தது. ஒருவர் அன்றிரவே எட்டையும் முடித்திருப்பார், இன்னொருவர் ஒரு மாதம் கழித்துத் தொடங்கியிருப்பார். இத்தகைய வெளியீட்டு முறையில் ஓர் ஒழுக்கவிதி தானாகவே இறுகுகிறது: முடிவைச் சொல்லாதே. நண்பர் உரையாடல் தொடக்கம் நாளேட்டு மதிப்புரை வரை அனைவரும் அதைப் பேணினர். நல்ல பண்புதான். ஆனால் இந்தத் தொடரில் முடிவும் பொருளும் ஒன்று. வீட்டுக்குள் நிகழும் சிறார் பாலியல் வன்முறை என்ற சொற்றொடரை எழுதினாலே முடிச்சு அவிழ்ந்துவிடும். ஆகவே மதிப்புரைகள் ‘கனமான பொருள்’, ‘உணர்வுபூர்வமான சமூகப் பிரச்சினை’ என்று சுற்றி வளைத்தன. இசையைப் பற்றியும் ஒளிப்பதிவைப் பற்றியும் திருவிழாக் காட்சிகளைப் பற்றியும் தாராளமாகப் பேசமுடிந்தது. வீட்டில் எவரும் வாய்திறக்காததால் ஒருவன் ஆண்டுக்கணக்காகத் தப்பியிருந்தான் என்பதைச் சொல்லும் ஒரு தொடர், தன்னைப் பற்றிப் பேசுவோரின் வாயையும் அதே இடத்தில் அடைத்துவிட்டது. படைப்பாளிகள் இதை எண்ணிச் செய்தனர் என்று நான் கருதவில்லை. இது திருப்பம் என்ற உத்தியின் இயல்பு.

குணாவை ஏன் பலரால் ஐயுறமுடியவில்லை? உடனடி விடை நடிகர் தேர்வு. ‘அபியும் நானும்’ (2008) படத்தில் தெருவிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரப்பட்டு அக்குடும்பத்தில் ஒருவராகிவிடும் எளிய மனிதராக நடித்த இளங்கோ குமரவேலைத் தமிழ்ப் பார்வையாளர் நன்கறிவர். அந்த முகத்தின் மீது அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு வாஞ்சை உண்டு. அவரைப் புதிதாகக் காணும் போலந்துக்காரருக்கோ யப்பானியருக்கோ அது இல்லை.

இதனினும் ஆழமான காரணம் மொழியில் இருக்கிறது. தந்தையின் தம்பி தமிழில் சித்தப்பா, சிறிய அப்பா. யாழ்ப்பாணத்தில் குஞ்சியப்பா என்றும் வழங்கும். எங்கள் உறவுமுறையில் மாமன் மக்கள் மணவுறவுக்கு உரியவர்கள். சித்தப்பாவின் மக்கள் உடன்பிறந்தார். ஆதலால் அண்ணன் மகளுக்குச் சித்தப்பா மணவுறவின் எல்லைக்கு முற்றிலும் வெளியே, தந்தையின் இடத்தில் நிற்பவர். வயதுவந்த பெண்ணுடன் மாமன்முறை ஆண் ஒருவன் தனித்திருந்தால் கவனிக்கும் வீட்டுக் கண்கள், சித்தப்பாவைக் கவனிப்பதில்லை. அந்தச் சொல்லே அவருக்கு நற்சான்றிதழ். ஆங்கிலத்தில் இத்தனை உறவுகளுக்கும் ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்தான் உண்டு. அச்சொல்லால் குறிக்கப்படுபவர் ஆங்கிலக் குற்றக்கதையில் எப்போதும் ஐயத்துக்குரியவர்களுள் ஒருவர். ஆகவே எழுத்து வசனத்தை நம்பிப் பார்ப்பவர் பார்க்கும் கதையும் தமிழ் கேட்டுப் பார்ப்பவர் பார்க்கும் கதையும் சற்று வேறானவை. முன்னவர் ஊகித்துவிட்டால் அவர் கூர்மதியர் என்றோ, பின்னவர் ஊகிக்கத் தவறினால் அப்பாவி என்றோ கொள்ளலாகாது.

புலம்பெயர்ந்த இல்லங்களில் ஒரே இருக்கையில் இவ்விருவரும் அமர்ந்திருக்கிறார்கள். இங்கு பிறந்த பிள்ளைகள் கோயிலில் காண்பவரையும் கடைக்காரரையும் தந்தையின் நண்பரையும் ‘அங்கிள்’ என்றே அழைத்து வளர்ந்தவர்கள். பெற்றோருக்குச் சித்தப்பா என்ற சொல் தரும் பாதுகாப்புணர்வு அவர்களுக்கு அவ்வளவாக இல்லை. உறவுச் சொற்கள் அழிகின்றன என்று இத்தகைய மாநாடுகளில் நாம் அடிக்கடி வருந்துகிறோம்; நானும் வருந்துகிறேன். ஆயினும் அந்தச் சொற்கள் எதை மறைக்கவும் பயன்பட்டன என்ற கேள்வியை வருத்தத்தின் பெயரால் ஒதுக்கிவிட இயலாது.

இந்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சு 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அக்குழந்தைகளுக்கு முன்பே அறிமுகமானவர்கள் அல்லது அவர்களது நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்தவர்கள். நடைமுறையில் இவ்வளவு பரவலாகக் காணப்படுவது கதையில் மட்டும் ஏன் அதிர்ச்சித் திருப்பமாகிறது? எதை எதிர்பாராததென்று ஒரு சமூகம் கொள்கிறதோ அது அச்சமூகம் பாராது விட்டதும் ஆகும். அருண் வைத்தியநாதனின் ‘அச்சமுண்டு அச்சமுண்டு’ (2009) அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பத்தைக் களமாகக் கொண்டது. அதில் குழந்தைக்கு வரும் ஆபத்து வீட்டுக்கு வண்ணம் பூச வந்த வெள்ளையரிடமிருந்து வருகிறது. அன்று புலம்பெயர் தமிழரின் அச்சம் வெளியாளை நோக்கியிருந்தது. ‘சுழல்’ வெளிவந்த ஒரு மாதத்துள் திரைக்கு வந்த ‘கார்கி’யில் திருப்பம் தந்தையிடமே போய் முடிகிறது. 2023இல் வந்த ‘சித்தா’வோ உறவுச் சொல்லையே பெயராகச் சூடி, அண்ணன் மகளை வளர்க்கும் சித்தப்பா ஒருவன் செய்யாத குற்றத்துக்காக ஐயுறப்படுவதைக் காட்டிற்று. ஐயம் ஒருமுறை வீட்டுக்குள் நுழைந்தபின் அது நல்லவனையும் சுடும் என்ற எதிர்வாதமாக அதனைக் கொள்ளவேண்டும். பார்வையாளர் இம்மூன்றையும் சேர்த்துப் பேசத் தொடங்கியபோதுதான், முடிவைச் சொல்லாதே என்ற விதி தளர்ந்து, உண்மையான உரையாடல் நிகழ இடமுண்டாயிற்று.

தொடர் நீளம், ஐயுறப்படுவோர் அதிகம், ஆலைக் கதை பாதியில் கைவிடப்படுகிறது என்ற குறைகள் பரவலாகச் சொல்லப்பட்டவை. நீளம் குறித்த குறையை நான் ஏற்கிறேன். இரண்டு பகுதிகளைக் குறைத்திருக்கலாம். ஐயுறப்படுவோர் பற்றிய குறையை ஏற்கமாட்டேன். தொழிற்சங்கத்தவர், முதலாளி, காவலர் என்று ஊர் தன் பொதுச் சண்டைகளின் வழியே குற்றவாளியைத் தேடுகிறது. கடவுளை மறுக்கும் சண்முகத்தை ஊர் எளிதில் ஐயுறுகிறது, அவர் பகையாளி கொண்டவர் என்பதால். குணாவுக்குப் பகையே இல்லை. பார்வையாளரும் ஊரோடு சேர்ந்து பகையுள்ள இடத்திலேயே தேடுகிறார். இங்கே பொய்த்தடங்கள் கதையின் கருத்தையே சுமக்கின்றன.

முடிவுக்காட்சியைப் பற்றிய பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை. மேல்மலையனூர் போன்ற தலங்களில் மாசியில் நிகழும் மயானக் கொள்ளையில் அம்மன் சுடலைக்கு எழுந்தருளுகிறாள். உக்கிரம், சாம்பல், பலி எல்லாம் அச்சடங்கின் கூறுகள். தொடர் அந்த உக்கிரத்தை நந்தினியின் மீது ஏற்றுகிறது. அவள் குணாவைச் சுட்டுக் கொல்கிறாள். அம்மனே இறங்கிவந்தாள் என்று பார்வையாளர் பலர் நெகிழ்ந்தனர். தமிழ்த் திரையில் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அம்மன் வடிவம் தருவது நெடுநாள் வழக்கம். கைதட்டலுக்கு அது பிழைத்ததேயில்லை. ஆனால் தெய்வமாகிவிட்டவள் சாட்சி சொல்லவேண்டியதில்லை. சிறுமியாக இருந்த அவளுக்கு என்ன நேர்ந்தது, யாரிடம் சொன்னாள், சொல்லமுடியாது போனது ஏன் என்பவற்றை அவள் நீதிமன்றக் கூண்டிலோ ஊர் நடுவிலோ நின்று சொல்லும் காட்சி நமக்கு மறுக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், இத்தகைய குற்றம் நிகழ்ந்ததென அறிந்தும் முறையிடாதிருப்பதையே தண்டனைக்குரியதாக்குகிறது. அச்சட்டப்படி விசாரிக்கப்படவேண்டிய மௌனம் ஒரு துப்பாக்கி வெடியில் தீர்ந்துபோயிற்று. நிலாவின் நிலை இன்னும் மோசம்: முதற்பருவம் முழுவதும் எல்லோரும் அவளைத் தேடுகிறார்கள், அவள் எண்ணியது என்னவென்று தேடுவோர் குறைவு.

2025 பெப்ரவரி 28 அன்று வெளியான இரண்டாம் பருவம் இதற்கு ஒருவகையில் விடையிறுக்கிறது. நந்தினி சிறையில் இருக்கிறாள்; அவள் செய்தது கொலை என்பதைக் கதை மறைக்கவில்லை. வழக்கறிஞர் செல்லப்பா கொல்லப்பட்டபின், ‘நானே கொன்றேன்’ என்று எட்டு இளம்பெண்கள் தனித்தனியே ஒப்புக்கொள்கிறார்கள். மீண்டும் ஒரு திருவிழா, மீண்டும் ஒரு கொலை, பழைய அச்சிலேயே வார்த்திருக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. அச்சு பழையதுதான். ஆனால் முதற்பருவத்தில் ஒருத்திகூடச் சொல்லமுடியாது போனதற்கு நேரெதிராக, இங்கு எட்டுப்பேர் சொல்கிறார்கள், காவல்துறையால் எவர் சொல்லையும் தள்ளவும் முடியவில்லை, கொள்ளவும் முடியவில்லை. எட்டில் எது உண்மை என்று ஊகிப்பதிலேயே பார்வையாளரின் கவனம் முழுவதும் சென்றது. எட்டுப் பெண்கள் ஒரே பழியை ஏற்க முன்வந்தது ஏன் என்ற கேள்வி, இம்முறையும், முடிவை வெளியிடலாகாது என்ற மரியாதையின் பின்னே காத்திருந்தது.