நாற்காலியில் ஒரு மாவு மூட்டை

அறுவடை முடிந்த வயலில் பெண்களும் பிள்ளைகளும் குனிந்து உதிர்ந்த கோதுமைக் கதிர்களைப் பொறுக்குகிறார்கள். ஆலையில் அரைத்து வந்த மாவு மூட்டையை நடுவீட்டு நாற்காலியில் வைத்து, வருவோர் போவோரிடம் பெருமையாகக் காட்டுகிறார்கள். ஃப்ளோரா தாம்ப்சன் எழுதிய 'லார்க் ரைஸ்' நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆண்களின் வாரக் கூலி 10 ஷில்லிங்தான். அந்த வறுமையை அவர் மறைக்கவில்லை. அதை வைத்து நம்மிடம் இரக்கம் கேட்கவும் இல்லை.

கொல்லையில் வளரும் பன்றிக்குப் பிள்ளைகள் கீரையும் நத்தையும் தேடிக் கொண்டுவருவார்கள். தீவனக் கடனுக்காகப் பன்றியில் பாதி முன்கூட்டியே அடமானம் போயிருக்கும். தேய்பிறையில் வெட்டினால் இறைச்சி சுருங்கிவிடும் என்று நம்பினார்கள். உள்ளே வாழ்ந்தவருக்கே இவையெல்லாம் தெரியும்.

1876இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் ஜூனிப்பர் ஹில் சிற்றூரில் பிறந்த கொத்தனார் மகள் அவர். 14 வயதில் பக்கத்து ஊர்த் தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு தபால் துறைக்காரரோடு திருமணம், பிள்ளைகள். 'லார்க் ரைஸ்' வெளிவந்த 1939இல் அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1941இல் இளைய மகனைப் போர்க்காலக் கடலில் பறிகொடுத்தார். அதற்குப் பிறகும் எழுதி, 1943இல் இந்த வரிசையின் மூன்றாம் நூலை வெளியிட்டார். அதிலும் இந்த நூல்களின் நாயகியான சிறுமி லாராவின் கண்கள் கூர்மை குறையாமல்தான் இருக்கின்றன.