சேம்பிலையில் ஒரு சொட்டு

ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் சேம்பிலைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லயத்துக்குப் பின்னால் சாக்கடை ஓரம் சேம்பு மண்டிக் கிடக்கும். மழை விட்டதும் இலைமேல் நீர் பாதரசமாய் உருளும். ஆட்டினால் ஓடும், ஒட்டாது.

இந்தக் காட்சி மூன்று மொழிகளில் படும் பாடு இருக்கிறதே! காதில் ஏறாத புத்திமதியை மலாய்க்காரர் கெலாடி இலையில் ஊற்றிய தண்ணீர் என்பார். கெலாடி நம் சேம்புதான். சொல்பவரின் சலிப்பு அதில் கேட்கும். ஆங்கிலத்தில் அதே நீர் வாத்தின் முதுகில் வழிகிறது. எவ்வளவு ஏசினாலும் சட்டை செய்யாதவர் அந்த வாத்து. நமக்கோ தாமரை இலை. துறவியைப் பற்றிச் சொன்னால் புகழ். புருஷன் பெண்டாட்டியைப் பற்றிச் சொன்னால் குறை. ‘லைக்’ வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம் என்று ஆங்கில வகுப்பில் மனப்பாடம் செய்தது சோதனைக்குப் போதும். இந்த ருசிக்குப் போதாது.

சில படங்கள் அப்படியே பொருந்தும். நம் பயிரை மேயும் வேலி மலாயில் நெல்லைத் தின்கிறது. நம் கிணற்றுத் தவளை மட்டும் அங்கே கொட்டாங்கச்சிக்கு அடியில் இருக்கிறது. எனக்கு மலாய்த் தவளைமேல்தான் பிரியம். கிணற்றிலிருந்து நிமிர்ந்தால் வட்டமாய்க் கொஞ்சம் வானமாவது தெரியும். கவிழ்த்த கொட்டாங்கச்சிக்குள் அதுவும் கிடையாது.

பழமொழியில் மட்டுமல்ல, பெயரிலும் மொழிக்கு மொழி படம் மாறும். 1896-ல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வியாபாரத்துக்கென்று நட்ட மரத்தையே பாருங்கள். பென்சில் எழுத்தைத் தேய்த்து அழித்ததால் ஆங்கிலத்தில் அது ரப்பர். மலாயில் கெத்தா, அதாவது பிசின். அந்தச் சொல்லைக் ‘கித்தா’ என்று வாங்கிக்கொண்ட நம்மவர்கள், மரத்திலிருந்து வடிவதைமட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கள்ளிப்பால், எருக்கம்பால் என்று ஊரில் பழகிய வாய், இங்கேயும் பால் என்றது. வெட்டுவது பால்வெட்டு, மங்குக் கோப்பையில் உறைந்தது ஒட்டுப்பால். உருவகம் பேசுகிறோம் என்று யாருக்கும் தோன்றியிராது.

பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. பெரியவர்கள் வானத்தைப் பார்த்துக் கவலையோடு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் பின்பக்கம் போய்ச் சேம்பிலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.